ஒரு பாக்கெட், ஒரு டம்ளர்

தொண்ணூறுகளின் பின்பாதியில், செங்கல்பட்டில் குடிநீர் பரிசோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. கடலோர கிராமங்களின் கிணறுகளிலிருந்தும் கைப்பம்புகளிலிருந்தும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வரும். அதில் எவ்வளவு உப்பு என்று கண்டுபிடித்து, பெரும்பாலும் 'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். கிராமத்து மக்கள் அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடிப்பார்கள். நானும் தொடர்ந்து எழுதுவேன். இரு தரப்புக்கும் இதில் மனவருத்தம் இருந்ததில்லை.

உத்தியோகத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு என்று கண்டுபிடிப்பதற்காகவே மாதச் சம்பளம் வாங்கிய ஆள், பெற்ற மகளுக்கு உப்புக்கரைசல் கலக்கத் தெரியாமல் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தினான் என்பதுதான் விஷயம். வேறு யாராவது செய்திருந்தால் இதை நான் இன்னும் உற்சாகமாக எழுதியிருப்பேன்.

மனைவி மாமல்லபுரத்தில் பள்ளி ஆசிரியை. அதனால் குடித்தனம் அங்கே. நான் தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் செங்கல்பட்டு போய் வருவேன். போகவும் வரவும் கையில் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். அந்த வழித்தடத்திலேயே அதிகம் படித்தவன் நான்தான் என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. கண்டக்டர் டிக்கெட் கட்டைத் தவிர வேறெதையும் படித்துப் பார்த்ததில்லை என்பதால் போட்டியும் இல்லை.

மகளுக்கு மூன்றரை வயது. மே மாதம். கடற்கரையில் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று கேட்டாள். வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். மறுநாள் வயிற்றோட்டம் ஆரம்பித்தது. அதற்கு மறுநாள் காலையில் வாந்தியும் சேர்ந்துகொண்டது. நான் கேஷுவல் லீவ் சொல்லிவிட்டு, மெடிக்கல் ஷாப்பில் இரண்டு பாக்கெட் பொடி வாங்கிவந்தேன். பேதிக்கு எல்லோரும் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் அதே உப்புச் சர்க்கரைப் பொடி, ஓஆர்எஸ்.

பாக்கெட்டில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலை மனைவிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, சிட்ரேட், குளுக்கோஸ். பேதிக்கு ஏன் குளுக்கோஸ்? சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டு குடல் சுவரைத் தாண்டும், தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும் என்று விளக்கினேன். அவள் குழந்தையின் நாலாவது ஜட்டியை அலசிக்கொண்டிருந்தாள்.

"சரிங்க. அதைக் கலக்கிட்டு வாங்க" என்றாள்.

பாக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு படமும் அதன் கீழே ஒரு வரியும் இருந்தன. படம் போட்டிருந்தால் அது படிக்கத் தெரியாதவர்களுக்கு என்பது என் கருத்து. அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

குழந்தை ஒரு தடவை குடிப்பது எவர்சில்வர் டம்ளரில் பாதி. எனவே ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு பாக்கெட்டைக் கொட்டினேன். அவ்வளவு பொடியும் சட்டென்று கரையவில்லை. ஸ்பூனால் வேகமாகக் கலக்கினேன். ஆய்வகத்தில் ஒரு கரைசல் இப்படி அடம்பிடித்தால் லேபிளைத் திரும்பப் பார்ப்பேன். அது உத்தியோகம். வீட்டில் பலத்தைப் பிரயோகித்தேன்.

முதல் வாய் குடித்துவிட்டு மகள் முகத்தைச் சுளித்தாள். "கடல் தண்ணி."

"இல்லடா தங்கம், ஆரஞ்சு ஜூஸு."

அவள் பாதியைத் துப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவளே கையை நீட்டி "தண்ணி, தண்ணி" என்று கேட்டாள். அதே கரைசலைக் கொடுத்தேன்; கொடுத்ததையெல்லாம் மடக்மடக்கென்று குடித்தாள். பார்த்தாயா, எவ்வளவு ஆசையாகக் குடிக்கிறாள் என்று மனைவியிடம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

"கொஞ்சம் வெறும் தண்ணி குடுத்தா என்னங்க?"

"வெறும் தண்ணியில என்ன இருக்கு?" என்றேன். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு என்பதால், அவள் மறுபேச்சுப் பேசவில்லை.

பன்னிரண்டு மணிக்குள் இரண்டாவது பாக்கெட்டும் இரண்டாவது டம்ளரில் முடிந்தது. அதன் பிறகு பேதி குறைந்தது. நான் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். ஒரு மணி சுமாருக்குக் குழந்தை கீச்சென்று ஓர் அழுகை அழுதாள். அது அவள் குரலே இல்லை. பிறகு அழுவதையும் நிறுத்திவிட்டாள். கூப்பிட்டால் கண் பாதி திறந்தது, மறுபடி மூடிக்கொண்டது. வயிற்றைத் தொட்டால் பிசைந்து வைத்த மாவைத் தொட்டதுபோல் இருந்தது. மனைவி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிவிட்டாள். வெயிலில் நான் பின்னால் ஓடினேன்.

கிளினிக் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இரண்டு சிற்பப் பட்டறைகளுக்கு நடுவே இருந்தது. முன்பதிவு, டோக்கன் ஒன்றும் கிடையாது. நேரே போகலாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் போவார்கள். விரலில் உளி பட்ட சிற்பிகள் போவார்கள். உள்ளறையில் இரண்டு கட்டில்கள், தலைமாட்டில் சுவரில் ஒவ்வொரு ஆணி. பாட்டில் மாட்டத்தான் அந்த ஆணி. எங்கள் பக்கத்தில் உடம்புக்கு என்ன வந்தாலும் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டால்தான் வைத்தியம் பார்த்தது மாதிரி. மாத்திரை மட்டும் எழுதித் தரும் டாக்டர் ராசியில்லாதவர்.

ஒரு கட்டிலில் குப்பத்திலிருந்து வந்த ஒரு மீன்காரப் பெண்மணி, கையில் ஊசியும் தலைக்கு மேல் பாட்டிலுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர். இன்னொரு கட்டிலில் குழந்தையைக் கிடத்தினோம்.

சிஸ்டர் கையில் நரம்பு தேடினார். குத்தினார். ரத்தம் வரவில்லை. மறு கையில் குத்தினார். அதிலும் இல்லை. ஊசி குத்தியும் குழந்தை அழவில்லை என்பதை நானும் மனைவியும் ஒரே நேரத்தில் கவனித்தோம். மூன்றாவதாக டாக்டரே வந்து, காலைப் பிடித்து, கணுக்காலுக்கு மேல் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"ஓஆர்எஸ் குடுத்தீங்களா?" நரம்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"குடுத்தோம் டாக்டர். ரெண்டு பாக்கெட்."

"கரெக்டா கலந்தீங்கல்ல?"

"போட்டிருக்கிற மாதிரிதான்" என்றேன். என்ன போட்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் குரலில் ஒரு பிசிறு இல்லை.

ஊசி உள்ளே போயிற்று. டியூபில் ஒரு துளி சிவப்பு தெரிந்தது. மருந்து அட்டைப்பெட்டியைக் கிழித்து, அந்த அட்டையைக் குழந்தையின் காலோடு வைத்து பிளாஸ்திரி சுற்றினார்கள். குளுக்கோஸ் பாட்டிலை ஆணியில் மாட்டி, டாக்டர் டியூபில் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையை மேலே தள்ளி முழுதாகத் திறந்துவிட்டார்.

"ஓடட்டும். அரை மணியில கண்ணு முழிப்பா" என்று சொல்லிவிட்டு முன்னறையில் காத்திருந்தவர்களைப் பார்க்கப் போனார்.

மீன்காரப் பெண்மணி மனைவியிடம் பேச்சுக் கொடுத்தார்.

"இன்னா டீச்சரு, கொழந்த இப்டி தொவண்டு கீது? பவுடரு குட்த்தியா?"

"குடுத்தோம்மா. ரெண்டு பாக்கெட்."

"ரெண்டு லிட்டரு தண்ணியும் உள்ள பூட்ச்சா? அப்பறம் ஏன் ஒதடு இப்டி காஞ்சி கீது?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு லிட்டரா குடிச்சா?"

"கிட்டத்தட்ட" என்றேன். அந்த வார்த்தை எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"நர்சம்மா குப்பத்துக்கு வந்து காட்டிட்டு போச்சி டீச்சரு. பீச்சுல வெள்ளக்காரன் குட்ச்சிட்டு கடாசிட்டு போறான்ல ஒரு லிட்டரு பாட்டிலு, அத்த நல்லா கழுவி, ரொப்பி, ஒரு பாக்கெட்ட கொட்டணும். தண்ணி கம்மியாவக்கூடாது, கம்மியானா உப்பு மூளைக்கு ஏறிக்கும்ன்ச்சி. எங்கூட்டு ஆளுக்கே தெரியும்னா பாத்துக்க. அவன் பகல்லியே போதையில கீறவன்."

அதன் பிறகு அவர் என்ன பேசினார் என்று காதில் விழவில்லை. பக்கத்துப் பட்டறையின் உளிச்சத்தம் மட்டும் கேட்டது. ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட். நான் ஊற்றியது ஒரு டம்ளர். ஐந்து மடங்கு. கணக்கு இத்தனை சுலபமாக வந்தது எனக்கே அருவருப்பாக இருந்தது. ரத்தத்தில் உப்பு ஏறினால் அது சுற்றிலும் உள்ள உயிரணுக்களிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். மூளையும் அணுக்களால் ஆனதுதான். வற்றிப்போன அந்த அணுக்களை நோக்கி, இப்போது ஆணியில் தொங்கும் பாட்டில் வேகமாகத் தண்ணீரை அனுப்பிக்கொண்டிருந்தது. சொட்டாகக்கூட இல்லை, நூல் பிடித்ததுபோல் ஒரே ஒழுக்கு. நான் வைத்தியம் படித்தவனில்லை. ஆனால் உப்பும் தண்ணீரும் இந்த வேகத்தில் இடம் மாறினால் நடுவில் இருப்பது உடையும் என்று தெரியும்.

உடனே எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அந்த டாக்டர் மற்ற நாட்களில் என்னோடு மட்டும் ஆங்கிலத்தில் பேசுபவர். போன மாதம்தான் அவருடைய கிளினிக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து, உப்பு அதிகம், கவனமாக இருங்கள் என்று நான் புத்தி சொல்லியிருந்தேன். பக்கத்தில் மனைவி. எதிரே மீன்காரம்மா. ஒருவேளை இந்தப் பாட்டிலே எல்லாவற்றையும் சரிசெய்துவிடுமோ, சொல்லாமலே தப்பித்துவிடலாமோ என்று நான் யோசித்தேன். மகள் கட்டிலில் கிடக்கும்போது என் மானம் எங்கே போகும் என்று யோசித்தேன். பாட்டிலில் மட்டம் கண்ணுக்குத் தெரிந்தே இறங்கியது.

பிறகு எழுந்து முன்னறைக்குப் போனேன்.

"டாக்டர், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"என்ன?"

"அந்தப் பவுடர்... தண்ணி கொஞ்சம் குறைவா..."

"எவ்வளவு தண்ணி?"

"ஒரு டம்ளர்."

"ரெண்டு பாக்கெட்டும் ஒரு டம்ளர்லயா?"

"இல்ல, இல்ல. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு டம்ளர்" என்றேன், ஏதோ அது என் பக்கத்து நியாயம் மாதிரி.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எதிரே இருந்தவரின் மார்பிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினார். உருளையை ஒரே இழுப்பில் மூடினார். ஒழுக்கு நின்றது.

"சிஸ்டர், இதை எடுங்க. சலைன் போடுங்க." என் பக்கம் திரும்பினார். எப்போதும் என்னோடு பேசும் ஆங்கிலம் அன்று வரவில்லை. "மூளையில இருக்கிற தண்ணிய உப்பு வெளிய இழுத்திருக்கு. அதைத் திரும்ப மெல்ல மெல்லத்தான் உள்ள விடணும், உப்பு இருக்கிற சலைன்தான் அதுக்கு. இந்தக் குளுக்கோஸ் வெறும் தண்ணி மாதிரி, வேகமா உள்ள போகும். இதை இப்படியே முழுசும் ஓடவிட்டிருந்தா மூளை வீங்கி ஃபிட்ஸ் வந்திருக்கும். இப்பவும் வரலாம். என்கிட்ட ரத்தத்துல உப்பு பாக்க வசதியில்ல. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க. வண்டி பிடிங்க."

மனைவி என்னைத் திட்டவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையின் காலில் கட்டியிருந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மீன்காரம்மாவுக்கு அந்தத் தயக்கம் இல்லை. "இன்னா சார் நீ? எங்க குப்பத்து கெணத்துல உப்பு கீது, குட்க்காதீங்கன்னு நோட்டீஸு உட்டவன்தான நீ?"

"ஆமா."

"நல்லா உட்ட போ" என்றார். ஊசி போட்ட கையோடு எழுந்து, ஆணியிலிருந்து தன் பாட்டிலைக் கழற்றித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்ச் சத்தம் போட்டார். "யோவ் அண்ணாத்த! வண்டிய இப்பால கொண்டா! கொழந்த சீரியஸா கீது!"

எதிரே நின்ற டூரிஸ்ட் அம்பாசடரின் டிரைவர் தலையை நீட்டினார். "வெள்ளக்காரங்க ஏறிகினாங்க யக்கா!"

"எறக்கு அவங்கள! பாறை எங்கியும் ஓடிடாது, நாளிக்கி வந்து பாக்கச் சொல்லு!"

மொழி தெரியாவிட்டாலும், பாட்டிலோடு ஜன்னலில் நின்ற கோலத்தைப் பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. தாங்களாகவே இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தார்கள்.

டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி என் சட்டைப்பையில் செருகினார். "நிமிஷத்துக்குப் பதினஞ்சு சொட்டு. கூடவும் கூடாது, நிக்கவும் கூடாது. பாட்டிலை உயரத் தூக்கிப் பிடிங்க. எண்ணத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"நம்பலாமா?"

பாட்டிலைத் தூக்கிப் பிடித்தேன். வண்டியில் ஏறினேன்.

நான்கு நொடிக்கு ஒரு சொட்டு. உட்கார்ந்த இடத்தில் எண்ணினால் சுலபம். திருக்கழுக்குன்றம் சாலையில், அம்பாசடரின் பின்சீட்டில், வலது கையில் பாட்டிலைக் கூரை முட்டத் தூக்கிப் பிடித்து, இடது மணிக்கட்டில் கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு சொட்டு சேர்ந்து விழுந்தது. உருளையைக் கொஞ்சம் இறக்கினால் அடுத்த சொட்டு விழவே இல்லை. ஏற்றினால் ஓடியது. மூன்றாம் மைலுக்குள் கை மரத்துவிட்டது. மாற்றிப் பிடிக்கலாம் என்று கையை இறக்கினேன்.

"ரத்தம்! ரத்தம் மேல வருது!" என்று மனைவி கத்தினாள்.

டியூபுக்குள் சிவப்பு ஒரு சாண் தூரம் ஏறியிருந்தது. மறுபடி தூக்கினேன். மெல்ல மெல்ல அது இறங்கிக் காலுக்குள் போயிற்று. அதன் பிறகு கையை இறக்கவில்லை.

திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் பட்டபோது குழந்தையின் இடது கை விரல்கள் தாமாகத் துடித்தன. பிறகு கை முழுதும். உதட்டோரம் ஒரு பக்கமாக இழுத்தது. மனைவி அவளை ஒருக்களித்துத் திருப்பி, வாயில் வழிந்ததைப் புடவையால் துடைத்தாள். "பாப்பா, பாப்பா, அம்மா இங்கதான் இருக்கேன் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். நான் ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு எதைச் செய்தாலும் தப்பாகிவிடும் என்று பயம். துடிப்பு நின்றது. நின்றது நல்லதற்கா கெட்டதற்கா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. நான் அவள் மூக்கருகே விரலை வைக்க நினைத்தேன். இரண்டு கையும் வேலையில் இருந்தன. மனைவி வைத்துப் பார்த்தாள். "மூச்சு இருக்கு" என்றாள், என்னிடம் இல்லை, டிரைவரிடம்.

"செங்கல்பட்டு வந்துகினே கீதும்மா. தோ பத்து நிமிசம்" என்றார் அவர். பத்து நிமிடம் இருபதாயிற்று.

குழந்தைகள் வார்டில் ரத்தம் எடுத்தார்கள். ஓர் இளம் டாக்டர், என் தம்பி வயது இருக்கும், கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார். "எவ்வளவு தண்ணியில கலந்தீங்க?" சொன்னேன். எழுதிக்கொண்டார். அவருக்கு மேலே உள்ள டாக்டர் வந்து கேட்டார். சொன்னேன். நர்ஸ் கேட்டார். பெரிய டாக்டர் மாணவர்கள் பத்துப்பேரோடு வந்து கேட்டார். மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றும் கேட்டார். அதையும் சொன்னேன். ஒரு மாணவி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தடவைக்குத் தடவை என் உச்சரிப்பு தெளிவாகிக்கொண்டே வந்தது.

"உப்பு ரொம்ப ஏறியிருக்கு" என்றார் பெரிய டாக்டர். "ரெண்டு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். அவசரப்பட முடியாது. அதுக்குள்ள மறுபடி ஃபிட்ஸ் வரலாம், வராமலும் போகலாம். முழிச்சதும் உங்களை அடையாளம் தெரியுதான்னு பாருங்க."

அந்த இரண்டு நாளும் மனைவி என்னோடு பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லத் தயாராக இருந்தேன், மன்னிப்புக் கேட்க வார்த்தைகள்கூட ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். அவள் அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை. கட்டிலின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான், நடுவில் சொட்டு. மறுநாள் மத்தியானம் குழந்தை கண்ணைத் திறந்தாள். முதலில் மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு பாட்டிலை. பிறகு மனைவியைப் பார்த்து, "அம்மா, தண்ணி" என்றாள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் எழுந்து நின்றேன். மகள் என்னையும் பார்த்தாள். "அப்பா வேணாம்" என்றாள். அடையாளம் தெரிந்துவிட்டது.

தண்ணீரை ஸ்பூனால்தான் தரவேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று நர்ஸ் சொல்லியிருந்தார். குழந்தை இன்னும் இன்னும் என்று அழுதாள். மனைவி அழுதுகொண்டே மறுத்தாள். ஸ்பூனை நான் வாங்கப் போனபோது கையை இழுத்துக்கொண்டாள். அன்று முழுக்க, மறுநாள் காலைவரை, அவளேதான் கொடுத்தாள்.

மறுநாள் காலை வார்டில் இட்லி வாசனை வந்த நேரத்தில், ரத்தத்தில் உப்பு சரியாகிவிட்டது என்று இளம் டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து மனைவி, குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அந்தம்மா ஒரு லிட்டர்னு சொன்னதும் உங்க முகம் மாறிச்சு."

நான் சொட்டைப் பார்த்தேன்.

"ரெண்டு தடவை வாயைத் திறந்து மூடினீங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். என்னன்னு எனக்குப் புரியல. பாட்டில் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"ஆமா" என்றேன்.

"முதல் தடவையே சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அப்போது உதவவில்லை. வார்டில் எங்கோ ஒரு குழந்தை சிரித்தது. எங்கள் குழந்தை மறுபடி தண்ணீர் கேட்டாள். மனைவி டம்ளரை எடுத்தாள், ஸ்பூனை எடுத்தாள். இரண்டு நாளாக உட்கார்ந்தபடியே இருந்த உடம்பு. எழுந்தபோது தள்ளாடி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இரண்டையும் என் கையில் வைத்தாள்.

"நான் போய் மூஞ்சி கழுவிட்டு வரேன்."

"எவ்வளவு கொடுக்கணும்?" என்று கேட்டேன்.

"ஒரு ஸ்பூன். அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொண்ணு." நாலு அடி போனவள் திரும்பி வந்தாள். "திருப்பிச் சொல்லுங்க."

சொன்னேன்.